வரத்துக்காலில் ஊன்றிய மனைக்கல்

கேள்வி: ஐயா, ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் பக்கம் எங்கள் ஊர். டவுனுக்கு ஒன்பது கிலோமீட்டர், கடலுக்கு இரண்டு. போன தடவை வார்டு உறுப்பினராக இருந்தேன். ஆறேழு வருடத்துக்குள் ஊரைச் சுற்றி மூன்று இடத்தில் பிளாட் போட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றும் 2 ஏக்கர் 40 சென்ட் அளவில் இருக்கும். வீடு வந்தது ஏழோ எட்டோதான். மீதியெல்லாம் மஞ்சள் கல்லும் சீமைக்கருவேலமும். கண்மாய் வரத்துக்கால் ஓரமாக என் மாமனார் வழியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் பங்கு. அதையும் கேட்டு ஆள் வருகிறது. வீட்டுக்காரர் சவூதியில், பவர் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார். இன்னொரு பக்கம், டவுனைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து மாஸ்டர் பிளான் வரப்போகிறது என்று பேச்சு. ஊர் வளரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எப்படி வளர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? நாங்கள் என்ன சொல்லலாம்? எங்கள் நிலத்தை என்ன செய்வது?

(ஊர்ப் பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்:

சகோதரிக்கு வணக்கம். ஊரைப் பற்றி ஒரு கேள்வி, சொந்த நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் உங்கள் கடிதத்திலேயே போகிறபோக்கில் விழுந்திருக்கிறது: ‘வரத்துக்கால் ஓரமாக’. கண்மாய்க்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால்தான் வரத்துக்கால். முப்பது வருடத்துக்கு மேல் நகரமைப்பு வரைபடங்களோடு மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் கடற்கரையில் ஒரு ஊர் எப்படி வளர வேண்டும் என்ற கேள்வியை நான் ரோட்டிலிருந்து தொடங்குவதில்லை. மழைத் தண்ணீர் எந்த வழியாக வந்து, எங்கே தங்கி, எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்று முதலில் கோடு போடுவேன். மிஞ்சுகிற இடத்தில்தான் ரோடும் வீடும்.

நம் சீமை தட்டை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் பல இடங்களில் ஓரடி, ஒன்றரையடி. ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு என்ற வழிவாயில் வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு வரத்தாகப் போகும். அது நிறைந்து அதற்கடுத்தது. கடைசியில் உப்பாறு, கடல். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமையெல்லாம் பெரிய கண்மாய்களுக்கு. உங்கள் ஊர்க் கண்மாய் போன்ற சின்னதுகள், அதாவது நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அவற்றின் வரத்துக்கால்களைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வருடத்தில் பத்து மாதம் அவை காய்ந்து கிடக்கும். பிளாட் போடுகிறவர் சித்திரையில் வந்து பார்ப்பார். அவர் கண்ணுக்கு அது ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன், இதே கடற்கரையில் வேறொரு ஊரில், ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஒரு மனைப்பிரிவைப் பார்க்கப் போனேன். முறையாக அனுமதி வாங்கிய பிரிவுதான். நுழைவாயிலில் வளைவு, உள்ளே நேர்நேரான தார் ரோடு. ரோட்டை இரண்டடி உயர்த்தியிருந்தார்கள். இந்தத் தட்டை நிலத்தில் இரண்டடி உயர்த்திய ரோடு கண்மாய்க் கரைக்குச் சமம். அதன் மேற்குப் பக்கம் முழங்காலுக்கு மேல் தண்ணீர். 31 என்று எழுதிய மனைக்கல்லின் தலை மட்டும் தெரிந்தது. கிழக்குப் பக்கம் தண்ணீர் தேங்கவே இல்லை. நடுவில், ரோட்டுக்கு அடியில், ஒரு சிமென்ட் குழாய். கையில் இருந்த புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணுக்கான அளவை வரைபடத்தில், அதே இடத்தில் இரட்டைக்கோடு போட்டு வாய்க்கால் என்று எழுதியிருந்தது. அகலம் எட்டு மீட்டர். அந்த ஊர் நீர்பாய்ச்சி கூடவே வந்தார். “ரோடு போட்டப்பவே கேட்டேன், பைப்பு வச்சிருக்கோம்னாக. அந்தப் பைப்புக்குள்ள என் ஆட்டுக்குட்டி நுழையாது” என்றார். அந்த வருடம் கீழ்க்கண்மாய் பாதிகூட நிறையவில்லை. ரோட்டுக்கு மேற்கே இருந்த பதினைந்து வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள்.

இப்போது மழையும் பழைய கணக்கில் பெய்வதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த மாதிரி நாளில் தண்ணீர் போக ஒரு குழாய் போதாது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். பார்க்காமலே ஓரளவு சொல்ல முடியும், ஏனென்றால் அந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் ஒரே அச்சு. மேற்கே கண்மாயும் வயக்காடும். நடுவில் நத்தம், அதாவது பழைய ஊர். அதைச் சுற்றிக் கெட்டியான புஞ்சை. கிழக்கே போகப் போக உவர் தட்டிய தரவை, அதாவது வெட்டவெளி. கடலுக்குக் கொஞ்சம் முன்னால் பனை நிற்கும் மணல்மேடு. இதில் நத்தம் இருக்கும் இடத்தைப் பெரியவர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. எந்த வெள்ளத்திலும் நனையாத இடம் அது. நான் வரைபடம் போட்டால் புது வீடுகளுக்கு முதல் இடம் நத்தத்தை ஒட்டிய புஞ்சைதான். குடிதண்ணீர்க் குழாய், மின்கம்பம், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் ஏற்கெனவே எட்டும் தூரத்தில் இருக்கும். பழைய ஊருக்குள்ளும் பாகம் பிரிக்காமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போனவர்கள் நிறைந்த ஊர் உங்களுடையது. எண்ணிக்கை உங்களையே ஆச்சரியப்படுத்தும்.

மணல்மேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிளாட்காரர்களுக்கு அடுத்த ஆசை அதுதான்: வெள்ளம் ஏறாது, காற்று வரும், ‘கடல் பார்த்த மனை’ என்று போர்டு வைக்கலாம். ஆனால் உங்கள் மாமியார் காலத்தில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டது அங்கேதானே? உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் லேசு. மழை மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெத்தை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும். மோட்டார் போட்டு மேலே ஓரடி இறக்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறப் பார்க்கும். ஒவ்வொரு மனையிலும் ஒரு போர், பக்கத்திலேயே ஒரு செப்டிக் டேங்க் என்று வந்துவிட்டால் பத்து வருடம்கூடத் தாங்காது என்பது என் எண்ணம். மணல் எதையும் வடிகட்டி நிறுத்தாமல் சீக்கிரம் கீழே விட்டுவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதே என்று சொல்வார்கள். திருச்சிப் பக்கமிருந்து குழாயில் வரும் தண்ணீர் அது. வராத நாட்களில் தள்ளுவண்டியில் குடம் ஏற்றிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி மூன்று பிளாட் விவகாரம். ஒவ்வொன்றும் ஏன் 2 ஏக்கர் 40 சென்ட் அளவிலேயே இருக்கிறது என்று யோசித்தீர்களா? 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக நிலமாகவே விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் என்பது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட். அதற்குக் கீழே இருந்தால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போகலாம். மூன்றையும் சேர்த்தால் ஏழு ஏக்கர் 20 சென்ட். ஒரே பிரிவாக வந்திருந்தால் உங்கள் ஊருக்குப் பிள்ளைகள் விளையாட அரை ஏக்கரை நெருங்கும் ஒரு திடல் கிடைத்திருக்கும். தப்பு என்று சொல்ல முடியாது, சட்டப்படிதான் செய்திருக்கிறார்கள். அதுதான் எரிச்சல்.

இன்னொன்று, மூன்றின் ரோடும் ஒன்றோடொன்று சேராது. பந்தயம் கட்டுகிறேன். ஒவ்வொருவரும் தன் எல்லைக்கல் வரை போட்டு நிறுத்தியிருப்பார். நாளைக்கு நாற்பது வீடு வந்தபின் ஒரு ஆம்புலன்ஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து சுற்ற வேண்டும். விலை ஏறுவதற்குக் காரணம் ஊருக்கு வெளியே இருக்கிறது: 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலம், பரமக்குடி–ராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்குக் கிடைத்த ஒப்புதல், ராமேஸ்வரத்தில் விமான நிலையம் என்ற பட்ஜெட் அறிவிப்பு. இவற்றைச் சொல்லிச் சொல்லியே கல் ஊன்றுகிறார்கள். வாங்குகிறவரில் பெரும்பாலோர் குடிவரப் போவதில்லை, பணத்தைப் போட்டு வைக்கிறார்கள். அதனால்தான் கருவேலம்.

மாஸ்டர் பிளானுக்கு வருகிறேன். நம் அரசாணைகளில் இதற்கு ‘முழுமைத் திட்டம்’ என்று பெயர். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, திட்டம் தயாரானதும் அறிவிப்பு வெளியிட்டு, பொதுமக்கள் ஆலோசனையும் ஆட்சேபணையும் எழுதிக் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அந்த இரண்டு மாதம்தான் உங்கள் கையில் இருப்பது. அரசிதழிலும் பத்திரிகையிலும் வரும் அறிவிப்பை ஊரில் யாரும் பார்க்க மாட்டார்கள். படித்த பிள்ளை ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.

ஆட்சேபணை எழுதும்போது ‘விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய நூறு மனுக்களை நானே ‘பொதுவானது’ என்று குறித்துக் கட்டி வைத்திருக்கிறேன். சர்வே எண் வேண்டும். ‘இன்ன சர்வே எண்ணில், இத்தனை மீட்டர் அகலத்தில் வரத்துக்கால் ஓடுகிறது, வரைவில் அது மஞ்சளில் இருக்கிறது, நீர்வழியாகக் காட்ட வேண்டும்’ என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். (மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் விவசாயம்.) கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், சர்வே எண்வாரியாக நில விவரம் எழுதிய ‘அ’ பதிவேடும் இருக்கும், புலப்படத்தை வருவாய்த் துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். அவற்றை வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் தண்ணீர் பாய்ச்சிய வயசாளி ஒருவரோடு வரத்துக்காலின் தலையிலிருந்து கலுங்கு தாண்டி உப்பாறு வரை ஒருநாள் நடந்துவிடுங்கள். காலையில் போனால் வெயிலுக்குள் முடியும்.

நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வாய்க்கால் சில இடங்களில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று தனி எண்ணோடு இருக்கும். அங்கே கை வைத்தால் ஆக்கிரமிப்பு. வேறு சில இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும், பதிவேட்டில் அதற்கு அடையாளமே இருக்காது. ஆபத்து இந்த இரண்டாவதில்தான். தனி எண் இல்லாத நீர்வழியை முழுமைத் திட்டத்தில் ஏற்றினால்தான் நாளை மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிறவர் அதைப் பார்ப்பார். ஏற்றாவிட்டால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரோட்டையும் கேளுங்கள். மூன்று பிரிவுகளின் முட்டுத்தெருக்களைச் சேர்க்கும் ஒரு நாற்பதடி இணைப்பு ரோடு, நத்தத்துக்கு வெளியே சுற்றி வருகிற மாதிரி. ஆனால் வரைபடத்தில் கோடு விழுந்ததும் ரோடு வந்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம். பொதுப் பயனுக்கு என்று ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த ஒதுக்கீடு தானாகவே விலகிவிடும் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படி உயிர்விட்ட ரோடுகளை நான் நிறையப் பார்த்தவன். நடைமுறையில் ரோடு கிடைப்பது புதிதாகப் பிளாட் போடுகிறவர் ரோட்டைப் பொதுவுக்கு எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரத்தில்தான். இனி வருகிறவர் தன் ரோட்டைப் பக்கத்து ரோட்டுக்கு நேராக விட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதவைத்தால் செலவில்லாமல் வேலை முடியும்.

தரவையைப் பற்றி ஒரு ஒப்புக்கொள்ளல். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கடலோர ஊரின் நிலப்பயன் வரைபடத்தில் பதினொரு ஏக்கரைக் ‘காலி நிலம்’ என்று குறித்துவிட்டேன். நான் போனது மூடாப்புப் போட்ட ஒரு நாள் மத்தியானம். அங்கே ஆளே இல்லை. வெயில் நாளில் விடியற்காலை போயிருந்தால் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அங்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பேன். பின்னால் அந்த இடத்துக்கு ஒரு கட்டடம் ஒதுக்கப்பட்டபோது என் குறிப்பைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். உங்கள் தரவையில் ஆடு மேய்கிறதா, வலை காய்கிறதா, உப்பு எடுக்கிறார்களா, எந்த மாதம், எத்தனை குடும்பம் என்று எழுதிக் கொடுங்கள். அளக்க வருகிறவன் அரைநாள்தான் நிற்பான்.

ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டதால் கை கட்டிய மாதிரி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். கிராமசபைக்கு வாக்காளராக இருந்தால் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் ஏதாவது ஒன்றில் நீர்வழிகளின் பட்டியலைத் தீர்மானமாக ஏற்றுங்கள். அந்தத் தீர்மானம் திட்டம் போடுகிறவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கோப்பில் ஏறும். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் முதல் தாளாக நிற்கும். நகராட்சியோடு சேர்ப்பது வேறு விஷயம், முழுமைத் திட்டத்துக்குள் வருவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பி ‘நூறு நாள் வேலை போச்சு’ என்று ஊரில் யாராவது கிளப்பினால் இதைச் சொல்லுங்கள். திட்டப் பகுதிக்குள் வந்தாலும் ஊராட்சி ஊராட்சியாகவே இருக்கும்.

கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் என்பதால் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உங்களைத் தொடாது என்றும் இருந்துவிட வேண்டாம். கடலோரத்தில் 500 மீட்டர் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஓதம் ஏறி இறங்கும் உப்பாறு, கழி இவற்றின் கரைக்கும் விதி உண்டு. 2019 அறிவிக்கைப்படி 50 மீட்டர் அல்லது அந்தக் கழியின் அகலம், எது குறைவோ அது. உங்கள் மறுகால் சேரும் உப்பாற்றில் உப்புத் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

கடைசியாக உங்கள் இரண்டு ஏக்கர். பவர், அதாவது பொது அதிகாரப் பத்திரம், கொடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தவறான ஆள் என்பதற்காக அல்ல. கேட்கிறவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பவர் போனதும் வரத்துக்கால் ஓரத்தை எப்படிப் பிரிப்பது என்ற முடிவும் சேர்ந்து போய்விடும், குற்றம் வந்தால் மட்டும் உங்கள் வீட்டுக்காரர் பெயர் நிற்கும். முதலில் அவரும் கொழுந்தனாரும் பாகப்பிரிவினை எழுதி, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கட்டும். அந்த அளவையின்போதே வாய்க்கால் எல்லையைக் காட்டச் சொல்லிக் கல் போட்டுவிடுங்கள். விற்கத்தான் வேண்டுமென்றால் மேட்டுப்பக்கத்தை விற்று, வாய்க்கால் ஓரத்தைப் பனையோடு வைத்துக்கொள்ளலாம். விலை கொஞ்சம் குறையும், மறைக்கவில்லை. வாங்குகிறவர் நகர் ஊரமைப்பு அனுமதி பெற்றுத்தான் மனை பிரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதியில்லாமல் பிரித்த மனைக்கு வரன்முறை, அதாவது பின்னால் சட்டப்படி சரிசெய்துகொள்ளும் வழி, கிடையாது, வாங்குகிற அப்பாவிதான் மாட்டுவார். நிலம் பதிவேட்டில் நஞ்சை என்று இருந்தால் வேளாண்மைத் துறையின் கருத்தும் ஆட்சியரின் இசைவும் இல்லாமல் எதுவும் நகராது. அதைப் பார்க்காமல் முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. மூன்று பிரிவில் ஏதாவது ஒன்றின் ரோடு உங்கள் வரத்துக்காலைக் கடக்கிறதா? கடந்தால் அங்கே பாலம் இருக்கிறதா, குழாயா? ஒரு டேப்பைக் கொண்டுபோய் அதன் வாயை அளந்து, புலப்படத்தில் இருக்கும் வாய்க்கால் அகலத்தோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். கார்த்திகைக்குள் அனுப்பினால் நல்லது.